மறு: ‘பேரல் ப்ரூஃப்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள ஐயா, குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். பீப்பாயில் முதிர்ந்த விஸ்கியைத் தண்ணீர் விட்டு இறக்காமல் புட்டியில் அடைப்பதைத்தான் ‘பேரல் ப்ரூஃப்’ என்கிறார்கள். நம் அகராதியில் அதற்கு என்ன சொல் வைப்பது என்ற கேள்விக்கும், அதற்கு வந்த யோசனைகளுக்கும் இது என் பதில்.

> ‘நீர் கலவா விஸ்கி’ என்று வைத்துவிடலாமே? படித்தவுடன் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். பர்பன் என்ற அமெரிக்க விஸ்கியை வடிக்கும்போது ஆல்கஹால் அளவு சட்டப்படி 80 விழுக்காடு வரை இருக்கலாம். அதை அப்படியே பீப்பாயில் ஊற்ற முடியாது. 62.5 விழுக்காட்டைத் தாண்டாதபடி தண்ணீர் விட்டு இறக்கிய பிறகே புது ஓக் பீப்பாய்க்குள் போக வேண்டும். மேக்கர்ஸ் மார்க் வடிசாலையில் இன்னும் கீழே, 55-க்கு இறக்குகிறார்கள். பீப்பாய்க்குள் போகும் முன்பே தண்ணீர் சேர்ந்துவிட்ட ஒன்றை ‘நீர் கலவா’ என்று அகராதியில் ஏற்றினால் அது பிழை. பீப்பாயை விட்டு வெளியே வந்த பிறகு தண்ணீர் சேரவில்லை, அவ்வளவுதான்.

> அப்படியானால் ‘மூலச் செறிவு’?

இதுவும் இடிக்கும். பர்பன் வடிக்கும் அமெரிக்க மாநிலமான கென்டக்கியில் பீப்பாய்களை அடுக்கும் கிடங்குகள் பல மாடி உயரம். கோடையில் மேல்மாடிகள் கொதிக்கும். அந்தச் சூட்டில் மரத்தின் வழியாக ஆல்கஹாலைவிடத் தண்ணீர் அதிகமாக வெளியேறிவிடுகிறது. அதனால் உள்ளே மிஞ்சுவதன் விழுக்காடு ஆண்டுக்கு ஆண்டு ஏறும். குளிரும் ஈரமுமான ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் நேர்மாறாக இறங்கும். ஜார்ஜ் டி. ஸ்டாக் என்ற பர்பன் சில ஆண்டுகளில் 70 விழுக்காட்டைத் தாண்டியே வந்திருக்கிறது. அவ்வளவு ஆல்கஹால் உள்ளதை விமானத்தில் கொண்டுபோகக் கூடாது என்பதால் ரசிகர்கள் அந்த வகைக்கு ‘ஹாஸ்மேட்’ (அபாயப் பொருள்) என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மூலத்தில் இருந்தது ஒன்று, கடைசியில் கிடைப்பது வேறு. அமெரிக்க அரசு 1979-லேயே இந்த இரண்டையும் பிரித்து விதி செய்திருக்கிறது. பீப்பாயைக் கவிழ்த்தபோது இருந்த அளவிலிருந்து இரண்டு ப்ரூஃபுக்கு (அதாவது ஒரு விழுக்காட்டுக்கு) மேல் குறையாமல் புட்டியில் அடைத்தால்தான் ‘பேரல் ப்ரூஃப்’ என்று போடலாம். உள்ளே ஊற்றிய அளவும் புட்டியில் உள்ள அளவும் ஒன்றாக இருந்தால் அதற்கு வேறு பெயர். ‘மூல’ என்ற சொல்லை அந்த இரண்டாவதற்கு மிச்சம் வைக்க வேண்டும்.

> வலு, வலிமை, காட்டம் – இவற்றில் ஒன்று?

‘பீப்பாய் வலிமை’ என்றால் பீப்பாய் உறுதியானது என்றுதான் படும். காட்டம் நல்ல சொல். குடிப்பவர்கள் வாயில் நாளும் புழங்குவது. அதனாலேயே அதை இங்கே செலவழிக்க வேண்டாம் என்கிறேன். சுவைத்து மதிப்பிடும்போது அது வேறொரு வேலைக்குக் கட்டாயம் தேவைப்படுகிறது.

60 விழுக்காட்டுக்கு மேலுள்ள பர்பனை எப்படிச் சுவைக்கிறார்கள் என்று பாருங்கள். மூக்கைக் கோப்பைக்குள் விடக் கூடாது. ஆல்கஹால் ஆவியில் மூக்கு மரத்துவிடும். கோப்பையை முகவாய்க்குப் பக்கத்தில் பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி முகர வேண்டும். முதல் மிடறை வைத்து எதையும் சொல்லக் கூடாது. அது நாக்கைப் பழக்குவதற்கு. இரண்டாவது மிடறை வாய் முழுக்க உருட்டி மென்று விழுங்கினால்தான் வெனிலா, காய்ச்சிய சர்க்கரை, கோதுமைக்கு நெருங்கிய இனத் தானியமான ரை சேர்ந்திருந்தால் கிராம்பு வாசனை, ஓக் மரத்தின் துவர்ப்பு எல்லாம் தனித்தனியாகத் தெரியும். அப்புறம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். ஸ்வீடனின் லினேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் கணினி மாதிரியில் இதைப் பார்த்தார்கள். குவாயகால் என்ற புகைமணப் பொருள், ஆல்கஹால் 45 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்போது திரவத்தின் மேற்பரப்பில் கூடுகிறது. 59-க்கு மேலே போனால் உள்ளே அமுங்கிவிடுகிறது. தண்ணீர் பட்டதும் மணம் எழும்புவதற்கு இது ஒரு காரணம்.

என் கருத்தில் நல்ல பர்பனைக் கண்டுபிடிப்பது இந்தக் கட்டத்தில்தான். தண்ணீர் பட்டதும் மணம் விரிந்தால் நல்லது. சட்டென்று சப்பென்றாகி வெறும் மரக்கஷாயம் மிஞ்சினால், புட்டியில் ஒட்டிய சீட்டில் எவ்வளவு பெரிய எண் இருந்தாலும் மதிப்பெண் கொடுக்க மாட்டேன். 65 விழுக்காட்டிலும் தொண்டையில் எரியாமல் இறங்குவது உண்டு. 50-இலேயே நாக்கைச் சுடுவதும் உண்டு. ஆகவே அளக்கும் எண்ணுக்குச் செறிவு, வாயில் படும் எரிவுக்குக் காட்டம். இரண்டையும் ஒன்றாக்கினால் ‘செறிவு கூட, காட்டம் குறைவு’ என்று ஒரு நடுவர் எழுதவே வழியில்லாமல் போய்விடும்.

> ‘ராவாக’ என்கிறார்களே?

அது குடிப்பவர் செய்வது. எந்தப் புட்டியையும் ராவாகக் குடிக்கலாம்.

ப்ரூஃபை அப்படியே வைத்துக்கொள்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்க ப்ரூஃப் என்பது விழுக்காட்டின் இரு மடங்கு. பழைய பிரிட்டன் கணக்கிலோ 57.15 விழுக்காடுதான் 100. நம் ஊர்ப் புட்டியில் 42.8 விழுக்காட்டை 75 டிகிரி ப்ரூஃப் என்று போடுவது அந்தப் பழைய கணக்கில்தான். அமெரிக்கக் கணக்கில் அது 85.6. ஒரே சொல்லுக்கு இரண்டு அளவுகோல் இருக்கும்போது, அகராதியில் விழுக்காட்டையே சொல்லிவிடுவது மேல்.

ஆகவே என் முன்மொழிவு பீப்பாய்ச் செறிவு. எலைஜா கிரெய்க் பேரல் ப்ரூஃப் என்ற பர்பனில் B517 என்று ஒரு வெளியீடு வந்தது. அந்த ஆண்டின் இரண்டாவது வெளியீடு, மே மாதம், 2017 என்பது குறியீட்டின் பொருள். அதன் செறிவு 62.1. அடுத்தடுத்த வெளியீடுகளில் எண் மாறிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது அந்தந்தப் பீப்பாய்களும் அவை கிடந்த இடமும். சொல்லில் பீப்பாய் இருந்தாக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

கூடவே இரண்டு துணைச்சொற்கள். உள்ளே ஊற்றும்போது இருக்கும் அளவுக்கு நிரப்புச் செறிவு. தண்ணீர் விட்டு இறக்குவதற்கு விளாவல். குளிக்கும் வெந்நீரில் பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பதமாக்குவதை விளாவுவது என்கிறோமே, அதே வேலைதான் இதுவும்: மிதமிஞ்சியதை வேண்டிய அளவுக்குக் கொண்டுவருவது. கலப்படம் என்ற நெடி இல்லாமல் தண்ணீர் சேர்ப்பதைச் சொல்ல எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அகராதிப் பதிவை இப்படி எழுதலாம்:

பீப்பாய்ச் செறிவு: முதிர்ந்த சாராயத்தைப் பீப்பாயிலிருந்து கவிழ்க்கும்போது உள்ள ஆல்கஹால் விழுக்காடு, அதன்பின் விளாவாமல் அடைத்த புட்டிக்கும் அடைமொழியாக வரும்.

ஒன்று மட்டும் தங்களிடம் கேட்க வேண்டும், ஐயா. பர்பன் பீப்பாயின் உட்புறத்தை நெருப்பில் கரியாக்கும் வேலைக்குக் ‘கருக்குதல்’ என்றும், அதற்கு முன் சில இடங்களில் மெல்லிய சூட்டில் மரத்தைப் பக்குவப்படுத்துவதற்கு ‘வாட்டுதல்’ என்றும் எழுதி வைத்திருக்கிறேன். தச்சர்கள் இவற்றுக்கு வேறு சொல் வைத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். தங்களுக்குத் தெரிந்தவர்களிடம் விசாரித்துச் சொல்ல முடியுமா?