புதுப்பிப்பு: ஓரக்கிள் செஷனுக்குரிய லினக்ஸ் ப்ரொசெஸ் பிடிபட்டது

உதவின எல்லாருக்கும் நன்றி. யாழ்ப்பாணத்தில எங்கட லினக்ஸ் சேர்வரில ஒரு ஓரக்கிள் டேட்டாபேஸ் ப்ரொசெஸ் சிபியுவை விழுங்குது, அது ஆற்ற செஷன் (டேட்டாபேஸோட ஒருத்தர் வச்சிருக்கிற இணைப்பு) எண்டு கேட்டிருந்தன்.

சரிவந்தது, ஓரக்கிள் தன்ர செஷன்களைக் காட்டுற வீ-டாலர்-செஷன் (V$SESSION) வியூவின்ர பிஏடிடிஆர் (PADDR) கொலத்தை, ப்ரொசெஸ்களைக் காட்டுற வீ-டாலர்-ப்ரொசெஸ் (V$PROCESS) வியூவின்ர ஏடிடிஆர் (ADDR) கொலத்தோட இணைக்கச் சொன்ன அண்ணாவின்ர வழி. அதில வாற எஸ்பிஐடி (SPID), லினக்ஸின்ர 'டொப்' (top) கட்டளை காட்டின பிஐடியேதான், அதாவது ப்ரொசெஸ் இலக்கம். செஷன் வியூவிலேயே 'ப்ரொசெஸ்' எண்டொரு கொலம் கிடக்கு. அதை நம்பிப் போகாதேங்கோ. அது கிளையன்ட் பக்கத்து, அதாவது சேர்வரோட இணையிற கொம்பியூட்டரில ஓடுற ப்ரொசெஸின்ர இலக்கம், எங்களுக்கு நெல்லியடிக் கிளைக் கொம்பியூட்டரின்ர.

எதிர்பாராதது என்னெண்டால், அந்தச் செஷனுக்கு ஆளே இல்லை. மாதமுடிவு அறிக்கையை இடையில மூடிப்போட்டுப் போயிட்டினம். அந்த அறிக்கைக்காக டேட்டாபேஸிட்டக் கேட்ட க்வெரி சேர்வரில ஓடிக்கொண்டே இருந்திருக்கு. அந்தச் செஷனின்ர எஸ்ஐடியையும் (SID, செஷன் இலக்கம்) சீரியல் நம்பரையும் குடுத்து 'ஆல்டர் சிஸ்டம் கில் செஷன்' அடிச்சன், சிபியு இறங்கிட்டுது.

எங்கடது டெடிகேட்டட் சேர்வர், ஒரு செஷனுக்கு ஒரு ப்ரொசெஸ். ஷெயார்ட் சேர்வர் எண்டால் ஒரு ப்ரொசெஸ் பல செஷனுக்கு வேலை செய்யும், அங்க ப்ரொசெஸை நேர கில் பண்ணிப் போடாதேங்கோ.