பாரிஸ் பயணச் செலவு: எங்கே போனது, எங்கே மிச்சமானது? அனுபவப் பகிர்வு

திருச்சியிலிருந்து, குடும்பத்தோடு போய் வந்தவர்:

பாரிஸுக்குப் போக எவ்வளவு ஆகும் என்று கேட்டால் ஆளுக்கொரு தொகை சொல்வார்கள். நான், மனைவி, அம்மா, பதின்மூன்று வயது மகள் என்று நான்கு பேர் 2025 கோடை விடுமுறையில் போய் வந்தோம். பார்த்த வரையில் அந்த ஊரில் செலவைக் கூட்டுவதும் குறைப்பதும் கிழமைதான். எந்தக் கிழமை போய் இறங்குகிறோம், எந்தக் கிழமை எதைப் பார்க்கிறோம் என்பதை வீட்டிலேயே காலண்டரை வைத்துக்கொண்டு முடிவு செய்துவிட்டால், அங்கே போய் ஒவ்வொரு யூரோவுக்கும் கணக்குப் பார்த்துத் திண்டாட வேண்டியதில்லை.

முதலில் விசா. பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ. 12 வயது ஆகிவிட்டால் பிள்ளைகளுக்கும் அதே 90தான், 6 முதல் 11 வயது வரை 45. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா கிடைக்காவிட்டாலும் இந்தப் பணம் திரும்பி வராது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவைத் தாங்கும் பயணக் காப்பீடும் கட்டாயம். பிரான்ஸ் இன்னொன்றும் கேட்கும். ஓட்டல் முன்பதிவு இருந்தால் தலைக்கு நாளொன்றுக்கு 65 யூரோ, இல்லாவிட்டால் 120 யூரோ செலவு செய்ய வசதி இருக்கிறது என்று காட்ட வேண்டும். வங்கிக் கணக்கைக் காட்டத்தான் இந்தத் தொகை என்றாலும், அந்த 65-ஐயே நாங்கள் தினசரிச் செலவின் உச்சவரம்பாக வைத்துக்கொண்டோம். பெரும்பாலான நாட்களில் அதில் பாதிகூட ஆகவில்லை.

இனி கிழமை விஷயம். பாரிஸில் நவிகோ என்று ஒரு பயண அட்டை. அதில் வாரப் பாஸ் போட்டுக்கொண்டால் மெட்ரோ, புறநகர் ரயில், பஸ், டிராம் எல்லாவற்றிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். நாங்கள் போனபோது 31.60 யூரோ, அட்டைக்குத் தனியாக 5 யூரோ. ஆனால் வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் என்று கணக்கில்லை. திங்கள் காலை தொடங்கி ஞாயிறு இரவோடு முடிந்துவிடும். வியாழக்கிழமை இறங்குகிறவருக்கு அது பாதி வீண். வெள்ளி, சனியில் இறங்கினால் அந்த வாரத்துக்கு விற்கவே மாட்டார்கள், அடுத்த திங்களுக்குத்தான். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர ரயில் டிக்கெட் அப்போது 13 யூரோ, திரும்பிப் போக இன்னொரு 13. வாரப் பாஸில் விமான நிலையப் பயணமும் அடக்கம். ஆகவே திங்கள் இறங்கி ஞாயிறு கிளம்பினால் அந்த இரண்டு பயணத்திலேயே 26 யூரோ வந்துவிடுகிறது, மீதி வாரம் முழுக்க ஏறக்குறைய இலவசம். சனிக்கிழமை இறங்கும் விமானம் ஐந்தாயிரம் ரூபாய் குறைவாக இருந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத் திங்கள்கிழமை விமானத்தையே போட்டேன்.

அந்த அட்டைக்கு ஒரு போட்டோ வேண்டும். ஸ்டாம்ப் சைஸ் போட்டோவை ஊரிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போட்டோ ஒட்டாமல், பெயர் எழுதாமல் பயணம் செய்தால் பரிசோதகர் அபராதம் போடுவார். எங்கள் முன்னால் நின்ற ஒரு பெண்ணுக்குப் போட்டார்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. பாரிஸ் மெட்ரோ பழையது, பல நிலையங்களில் லிஃப்ட் கிடையாது, படிக்கட்டுகள்தான். அதனால் நாங்கள் பஸ்ஸுக்கு மாறிக்கொண்டோம். 69-ஆம் எண் பஸ்ஸை மறக்காதீர்கள். ஈபிள் கோபுரத்தருகே கிளம்பி, ஆர்சே, லூவர் அருங்காட்சியகங்கள், பஸ்தீய் சதுக்கம் வழியாகப் பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டம் தாண்டிப் போகிறது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து முழு ஊரையும் பார்த்துவிட்டார். சுற்றுலாப் பஸ் என்று மேல்தளம் திறந்த வண்டிகள் ஓடுகின்றன. அவற்றுக்கு நான்கு பேருக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு நாள் சாப்பிடலாம்.

லூவர் செவ்வாய் விடுமுறை. ஆர்சே திங்கள் விடுமுறை, மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், இலவசம் என்றாலும் முன்பதிவு வேண்டும். வியாழன் மாலை 6 மணிக்கு மேல் ஆர்சேயில் கட்டணம் குறைவு, கூட்டமும் குறைவு. 18 வயதுக்குக் கீழே இரண்டிலும் கட்டணம் கிடையாது, மகளுக்கு அதனால் பெரிய மிச்சம். நகராட்சி நடத்தும் கார்னவாலே, பெத்தி பாலே போன்ற அருங்காட்சியகங்களில் நிரந்தரக் காட்சி எப்போதும் இலவசம். கார்னவாலே பாரிஸ் நகரத்தின் வரலாற்றைச் சொல்லும் இடம். அதை முதல் நாளே பார்த்துவிட்டால் மற்ற இடங்கள் எல்லாம் நன்றாகப் புரியும். இலவசம் என்பதால் சொல்லவில்லை, 20 யூரோ கேட்டாலும் போகச் சொல்வேன். நோட்ரடாம் தேவாலயம் தீ விபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் திறந்தாயிற்று. உள்ளே போகக் கட்டணம் இல்லை.

தங்குமிடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். இணையத்தில் காட்டும் வாடகைக்கு மேல் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தங்கல் வரி உண்டு. 2024-ல் அதை ஏகத்துக்கும் ஏற்றிவிட்டார்கள், மூன்று நட்சத்திர ஓட்டலில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 5 யூரோவைத் தாண்டிவிட்டது. பல இடங்களில் அதைத் தனியாகக் கேட்டு வாங்குகிறார்கள். 18 வயதுக்குக் கீழே இந்த வரி கிடையாது. நாங்கள் எடுத்தது சின்னச் சமையல் மேடையும் ஒரு மின்னடுப்பும் உள்ள அறை. மனைவி பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுவந்திருந்தார். பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் அரிசியும் ஒரு கிலோ டப்பா தயிரும் வாங்கினோம். நல்ல கெட்டித் தயிர். சுற்றிவிட்டு வந்து இரவில் சுடுசோறும் தயிரும் சாப்பிட்டபோதுதான் அம்மாவுக்கு வயிறு நிறைந்தது.

கடைகளில் கார்டு தேய்க்கும்போது இயந்திரம் யூரோவா ரூபாயா என்று கேட்கும். யூரோவையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த விகிதத்தில் மாற்றிப் பிடித்துவிடுவார்கள். ஈபிள் கோபுரத்தில் 2024-லிருந்து நம் யுபிஐ செல்லுபடியாகிறது, டிக்கெட்டுக்கு அதில்தான் கட்டினேன்.

வேறு யாராவது போயிருந்தால் உங்கள் கணக்கையும் எழுதுங்கள்.

பாரிஸில் வசிப்பவர், லாச்சப்பல் பக்கம்:

திருச்சி அண்ணா, வடிவாக எழுதியிருக்கிறீர்கள். விலையை மட்டும் புதுப்பித்துவிடுகிறேன். 2026 ஜனவரியிலிருந்து வாரப் பாஸ் 32.40, தனி டிக்கெட் 2.55, விமான நிலைய டிக்கெட் 14 யூரோ. இது பெரிய ஏற்றமில்லை. லூவர்தான் பெரிய ஏற்றம். ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு 22 யூரோவாக இருந்த டிக்கெட்டை 2026 ஜனவரி 14-இலிருந்து 32 ஆக்கிவிட்டார்கள். ஜூலை, ஆகஸ்ட் தவிர மற்ற மாதங்களில் முதல் வெள்ளி பின்னேரம் 6 மணிக்குப் பிறகு அங்கே இலவசம். முன்பதிவு செய்துவிட்டு வாருங்கள். பிள்ளைகள் இல்லாமல் இரண்டு பேர் வருகிறீர்கள் என்றால் அந்த வெள்ளி ஒன்றிலேயே 64 யூரோ மிச்சம்.

இன்னொன்று, 2025-லிருந்து பாரிஸும் சுற்றுவட்டாரமும் சேர்ந்த இல் து பிரான்ஸ் பகுதி முழுவதற்கும் ரயிலுக்கு ஒரே டிக்கெட் விலை. முன்பு தூரத்துக்கேற்ற விலை. இப்போது வெர்சாய் அரண்மனைக்குப் போனாலும், டிஸ்னிலாண்டுக்குப் போனாலும் அதே 2.55தான். ஆகவே நகரத்துக்கு வெளியே, ரயில் நிலையத்துக்குக் கிட்ட அறை எடுத்தால் வாடகையும் குறையும், டிக்கெட் காசும் ஏறாது. நிலையத்திலிருந்து நடக்கிற தூரம் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். இரவு பதினொரு மணிக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு இருபது நிமிடம் நடக்க ஒருவருக்கும் விருப்பமிராது.

சாப்பாடு: கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து லாச்சப்பலுக்கு வாருங்கள். பெயர்ப் பலகை எல்லாம் தமிழ்தான். எண்பதுகளில் இங்கே வந்து சேர்ந்த எங்கள் சனம் கட்டியெழுப்பிய தெரு இது. கொத்து ரொட்டி, இடியப்பம், சோறு கறி, மசாலா தோசை, எல்லாம் இருக்கிறது. பத்து யூரோவுக்கு வயிறாரச் சாப்பிடலாம். சமையலுக்கு வேண்டிய மிளகாய்த்தூள், கறிவேப்பிலைகூட வாங்கலாம், ஊரிலிருந்து சுமந்து வரத் தேவையில்லை. மாணிக்க விநாயகர் கோயிலும் கிட்டத்தான். ஆகஸ்ட் கடைசி ஞாயிறை ஒட்டி வந்தீர்கள் என்றால் தேர் பார்க்கலாம். தெருவெல்லாம் தேங்காய் உடைப்பார்கள், தாகத்துக்குச் சர்பத் கொடுப்பார்கள். எத்தனையோ வெளிநாட்டுக்காரர் அதைப் பார்க்கவென்றே வருகிறார்கள்.

பிரெஞ்சுக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் தண்ணீர் கேட்கும்போது கவனம். பரிமாறுபவர் சாதாரணத் தண்ணீரா, சோடாத் தண்ணீரா என்று கேட்பார், இரண்டுமே போத்தல், இரண்டுக்கும் காசு. "உய்ன் கராஃப் தோ" என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடுவையில் கொண்டுவந்து வைப்பார்கள், இலவசம். அது குடிக்க நல்ல தண்ணீர். பாணும் (பிரெட்) இலவசமாக வரும். கோப்பிக் கடையில் கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, வெளியே கதிரையில் இருந்து குடித்தால் கூடுதல் விலை. சேவைக் கட்டணம் பில்லுக்குள்ளேயே இருக்கிறது. டிப்ஸ் வைக்காவிட்டால் யாரும் குறை நினைக்க மாட்டார்கள்.

சென்னையிலிருந்து, தனியாகப் போய் வந்த பெண்:

செலவுக் கணக்கில் யாரும் எழுதாத ஒரு வரி இருக்கிறது: பறிகொடுக்கும் பணம். சாக்ரே கேர் தேவாலயத்துக்குப் படியேறும் இடத்தில் கையில் வண்ண நூலோடு சில ஆட்கள் நிற்பார்கள். கையைப் பிடித்து நூலைக் கட்டிவிட்டு இருபது யூரோ கேட்பார்கள். என்னிடம் ஒருவர் வந்தார். கைகளை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், நிற்காமல் நடந்தேன். அவ்வளவுதான் செய்ய வேண்டியது. லூவர் வாசலில் அட்டையும் பேனாவுமாகக் கையெழுத்து கேட்டு வரும் பெண்களிடமும் அதேதான். நாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் பையைத் திறப்பார். அங்கே நான் நின்றிருந்தபோது ஒரு வயதான ஜப்பானியத் தம்பதி அப்படி மாட்டிக்கொள்ளப் பார்த்தார்கள். நான் போய் அந்த அம்மாவின் கைப்பையைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. அந்தப் பெண்கள் என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள், போகட்டும்.

பணத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று உடம்போடு, இன்னொரு கார்டு அறையில், அன்றைக்கு வேண்டிய இருபது முப்பது யூரோ மட்டும் முன் பாக்கெட்டில். நம் சாதாரண கிரெடிட் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு மூன்றரை சதவீதம் வரை கூடப் பிடிக்கிறார்கள், அதற்கு மேல் ஜிஎஸ்டி. கிளம்பும் முன் வங்கியிடம் கேட்டுவிடுங்கள்.

மெட்ரோ டிக்கெட்டை வெளியே வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள், நடுவிலும் பரிசோதிப்பார்கள். இரண்டு பேர், வாரப் பாஸ் இல்லாமல் தனி டிக்கெட் ஏற்றிக்கொள்ளும் நவிகோ ஈஸி அட்டை ஒன்றையே தேய்த்துக்கொண்டு ஒன்றாகப் போகவும் கூடாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். 2 யூரோதான் அந்த அட்டை.

தெருவில் தண்ணீர்க் குழாய்கள் நிறைய. அவற்றில் பச்சை நிறத்தில் நான்கு பெண் சிலைகள் கூரையைத் தாங்குவது போன்றவை வாலஸ் குழாய்கள், 1872-லிருந்து ஊருக்குத் தண்ணீர் கொடுப்பவை. பாட்டிலை நிரப்பிக்கொண்டே நடக்கலாம். தெருவோரத் தானியங்கிக் கழிப்பறைகளும் இலவசம். பெண்கள் இதைத் தெரிந்துகொண்டால் கழிப்பறைக்காகவே ஒரு காபி வாங்க வேண்டிய அவசியம் இருக்காது.

பெங்களூரிலிருந்து, குழுப் பயணத்தில் போனவர்:

திருச்சிக்காரர் கிழமை என்று சொன்னதைப் படித்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. ஒரு நிறுவனத்தின் குழுப் பயணத்தில் நானும் கணவரும் போனோம். அச்சடித்த பயணத் திட்டத்தில் "லூவர் அருங்காட்சியகம்" என்று போட்டிருந்தது, செவ்வாய்க்கிழமைக்கு நேராக. போய் நின்றால் வாசல் மூடியிருக்கிறது. கண்ணாடிப் பிரமிடின் முன் போட்டோ எடுக்கக் கால் மணி நேரம் கொடுத்தார்கள். திட்டத்தில் பார்வையிடல் என்றுதான் இருக்கிறது, உள்ளே போவது என்று இல்லையே என்று வழிகாட்டி சொன்னார். அப்பாவின் வயதுள்ள ஒருவர், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், அந்த ஒரு இடத்துக்காகவே பணம் சேர்த்து வந்தவர், பேசாமல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

குழுவாகப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இரண்டைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எந்த இடங்களுக்கு உள்ளே போக டிக்கெட் அடக்கம், ஈபிள் கோபுரத்தில் இரண்டாவது தளமா உச்சியா. தங்கல் வரி யார் கட்டுவது என்பதையும் கேளுங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜுக்குப் பிடிக்கும் டிசிஎஸ் வரியை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம், அதன் ரசீதை விடாதீர்கள். அந்த ஆசிரியர் பிறகு மகனோடு மறுபடி போகத் திட்டமிட்டார். நானே அவருக்குக் காலண்டரில் குறித்துக் கொடுத்தேன்.

திருச்சி:

கையெழுத்து வாங்கும் பெண்களைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி, அதை நான் எழுதியிருக்க வேண்டும். பெங்களூர் அம்மா சொன்னதைப் படித்து மனசு கஷ்டமாக இருந்தது. அந்த ஆசிரியர் போகும் மாதம் ஜூலை, ஆகஸ்ட் இல்லை என்றால் முதல் வெள்ளியைப் பார்த்துப் போகச் சொல்லுங்கள், லாச்சப்பல் தம்பி சொன்ன கணக்குதான். மற்ற வாரங்களிலும் புதனும் வெள்ளியும் லூவர் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். மாலையில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமெல்லாம் போய்விடும், நாங்கள் போனபோது டச்சு ஓவியங்கள் இருக்கும் பக்கத்தில் அம்மாவுக்குப் பெஞ்சே கிடைத்தது.

தனிச் செய்தியில் ஒருவர் ஷாப்பிங் வரி பற்றிக் கேட்டிருந்தார். ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரி திரும்பக் கிடைக்கும். கடையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி அதற்கான படிவத்தைக் கேளுங்கள். விமான நிலையத்தில் பெட்டியைச் செக் இன் செய்வதற்கு முன் பாப்லோ என்று எழுதிய இயந்திரத்தில் அந்தப் படிவத்தை ஸ்கேன் செய்ய வேண்டும். வாங்கிய பொருளைக் காட்டச் சொல்லலாம், ஆகவே அதைப் பெட்டியின் மேலாக வையுங்கள். அங்கே வரிசை நீளம், ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.