டீ பாய்லர் சூட்டில் விளக்கு எரிந்த கதை

எங்கள் தெருமுனை டீக்கடையில் செம்பு பாய்லர் விடியற்காலையிலிருந்து இரவு வரை கொதித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சூடெல்லாம் காற்றில் வீணாகப் போகிறதே என்று எனக்கு ரொம்ப நாள் ஏக்கம். சென்னை போனபோது ரிச்சி தெருவில் 12706 என்று அச்சிட்ட பெல்டியர் மாட்யூல் இரண்டு வாங்கி வந்தேன். 4 சென்டிமீட்டர் சதுரம். உள்ளே பிஸ்மத் டெல்லூரைடு என்ற குறைகடத்தித் துண்டுகளின் இணைகள் 127. எண்ணின் தொடக்கத்தில் இருப்பது அதுதான். குளிரூட்டுவதற்குச் செய்த பொருள் என்றாலும், ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருந்தால் கரண்ட் தரும். 1821இல் இயற்பியலாளர் சீபெக் கண்ட விளைவு இது.

அலுமினியக் கட்டை ஒன்றை பாய்லர் வளைவுக்குத் தக்கபடி குழிவாகக் கடைந்து, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் தடவி, ஒரு மாட்யூலையும், அதன் மறுபக்கச் சூட்டைக் காற்றில் விட பழைய கம்ப்யூட்டர் ஹீட் சிங்கையும் இறுக்கினேன். மல்டிமீட்டரில் 2.1 வோல்ட்! பத்தே நிமிடத்தில் 0.8க்கு இறங்கிவிட்டது. ஹீட் சிங்கைத் தொட்டால் அதுவும் சுட்டது. சூடு வேண்டிய மட்டும் இருக்கிறது, அதை மறுபக்கம் வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

சரி என்று ஹீட் சிங்கைக் கழற்றிவிட்டு, இரண்டாவது மாட்யூலையும் சேர்த்து, 5 லிட்டர் அலுமினியத் தொட்டியில் தண்ணீர் ஊற்றி அந்தப் பக்கம் பொருத்தினேன். இரண்டு மாட்யூலும் தொடர் இணைப்பில் 4 வோல்ட் தந்து அப்படியே நின்றன. வோல்ட்டை உயர்த்தும் பூஸ்ட் கன்வெர்ட்டர் வழியாக, கல்லாவுக்கு மேலே ஒரு சின்ன எல்இடி எரிந்தது. கணக்குப் பார்த்தேன். முதல் மணி நேரத்தில் தண்ணீர் 7 டிகிரி ஏறியது, அதாவது சுமார் 40 வாட் வெப்பம் மாட்யூல்களைக் கடந்திருக்கிறது. கிடைத்த மின்சாரமோ ஒரு வாட்டுக்கும் கீழே. 90 டிகிரிக்கும் 35 டிகிரிக்கும் நடுவில் எந்த இயந்திரம் வைத்தாலும் சூட்டில் சுமார் 15 சதவீதத்துக்கு மேல் மின்சாரமாக மாற்ற முடியாது. இந்த மாட்யூல் 2 சதவீதம் தருவதே பெரிது.

மனசு கொஞ்சம் வாடியது உண்மை. ஆனால் கடைக்கார அண்ணன் தொட்டியில் விரல் விட்டுப் பார்த்து, “தம்பி, இது வெதுவெதுன்னு இருக்கே, இதையே பாய்லருக்கு ஊத்திக்கிறேன்” என்றார். மாட்யூலைக் கடந்த சூடு திரும்பவும் பாய்லருக்கே போனது. இப்போது தினமும் அப்படித்தான் செய்கிறார்.

---

நான் ஜெனரேட்டர் மெக்கானிக். இதே மாட்யூலை டீசல் ஜெனரேட்டர் சைலன்சரில் கட்டினேன். நல்லா வோல்ட் வந்தது, அப்புறம் ஒரேயடியாக பூஜ்யம். பிரித்துப் பார்த்தால் பீங்கான் தகடு தனியாக வந்துவிட்டது, உள்ளேயிருந்து கறுப்புத் துணுக்குகள் எள் மாதிரி கொட்டின. இவற்றில் பலவற்றுக்கு துணுக்குகளை ஒட்ட 138 டிகிரியில் உருகும் சால்டர்தான் (பற்றாசு) போடுகிறார்களாம். சைலன்சர் அதைவிட எவ்வளவோ மேலே. அடுத்து ரேடியேட்டருக்குப் போகும் குழாயில் கட்டிப் பார்க்கப் போகிறேன். அங்கே 90ஐச் சுற்றித்தான் இருக்கும்.

---

நல்ல யோசனை அண்ணே. மாட்யூலை இறுக்கும் திருகாணிகளைக் குறுக்காக மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் பீங்கான் விரிசல் விட்டுவிடும். என்னுடைய முதல் மாட்யூல் ஓரத்தில் அப்படித்தான் ஒரு கீறல் விழுந்தது.