அருட்பணியியல் பட்டப்படிப்பு: எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: தென்காசி வாலிபன்

அனைவருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். நான் தென்காசிப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்தவன், தாவரவியலில் பி.எஸ்சி. முடித்திருக்கிறேன். வட இந்தியாவில் பழங்குடி மக்கள் நடுவே மிஷனெரியாகப் பணியாற்ற வேண்டும் என்ற அழைப்பு கல்லூரி நாட்களிலிருந்தே எனக்கு இருப்பதால், அதற்கென முறையாகப் படித்துவிட்டுச் செல்ல விரும்புகிறேன். வங்காளத்துச் செராம்பூர் கல்லூரியுடன் இணைந்த இறையியல் கல்லூரியில் பி.டி. (இறையியல் இளநிலைப் பட்டம்) படிப்பதே நல்லது என்பது எங்கள் சேகரத்து ஐயரின் (சபைக் குருவானவரின்) கருத்து. என் நண்பனோ, இரண்டே ஆண்டுகளில் அருட்பணியியலில் (மிஷனெரிப் பணி பற்றிய துறையில்) முதுகலைப் பட்டம் தருவதாகச் சொல்லும் ஒரு வேதாகமக் கல்லூரியின் விளம்பரத்தை அனுப்பியிருக்கிறான். அதில் ‘சர்வதேச அங்கீகாரம் பெற்றது’ என்று பெரிய எழுத்தில் இருக்கிறதே தவிர, அங்கீகரித்தது யார் என்ற விவரம் எங்குமே இல்லை. அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் வானம் பார்த்த பூமிதான். ஆகவே காலமும் பணமும் வீணாகாத வழியைப் பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

பதில் 1: ஓய்வுபெற்ற குருவானவர்

தம்பி, அங்கீகரித்தது யார் என்று கேட்கத் தோன்றியதே நல்லது. பலர் பட்டம் வாங்கிய பிறகுதான் அதைக் கேட்கிறார்கள். கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகிய மூன்று ஆங்கிலேய மிஷனெரிகளும் 1818இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்கு 1827இல் பட்டம் வழங்கும் உரிமையோடு டென்மார்க் அரசரின் சாசனம் கிடைத்தது. அந்த உரிமையை 1918ஆம் ஆண்டின் செராம்பூர் கல்லூரிச் சட்டம் உறுதிசெய்தது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை குருகுல், பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி, புனே யூனியன் பிப்ளிக்கல் செமினரி முதலியவை செராம்பூரின் செனட்டுடன் (பட்டம் வழங்கும் ஆட்சிக்குழுவுடன்) இணைந்தவை. ஆசிய இறையியல் கூட்டமைப்பு தரும் தரச்சான்று வேறு வகையானது. அதைப் பெற்ற கல்லூரிகளிலும் மிக நல்லவை உண்டு. ஆனால் அது கல்லூரிகள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட தர ஏற்பாடே அன்றி, சட்டம் கொடுத்த பட்ட உரிமை அன்று. பின்னாளில் தென்னிந்தியத் திருச்சபையில் குருப்பட்டம் பெறவோ இறையியல் கல்லூரியில் கற்பிக்கவோ எண்ணம் வந்தால், இந்த வேறுபாடு உங்கள் வழியில் குறுக்கே நிற்கும்.

பி.டி. வழக்கமாக நான்காண்டுப் படிப்பு. அதில் அருட்பணியியல் ஒரு பகுதியாகவே வரும். அதைத் தனித்துறையாகப் படிப்பது எம்.டிஎச். (இறையியல் முதுநிலைப் பட்டம்) நிலையில்தான். திருமண்டலம் (பேராயரின் நிர்வாகத்தில் உள்ள திருச்சபைப் பகுதி) அனுப்பும் மாணவருக்குச் செலவின் பெரும்பகுதியைத் திருமண்டலமே ஏற்பதுண்டு. ஆனால் அந்தப் பரிந்துரைக் கடிதத்தோடு ஒரு கடமையும் வருகிறது: படித்து முடித்தவர் தம் திருமண்டலத்துச் சேகரங்களில் ஊழியம் செய்யவே எதிர்பார்க்கப்படுவார். வடக்கே போவதுதான் உங்கள் நோக்கம் என்றால் அதை முதலிலேயே பேராயரிடம் சொல்லிவிடுங்கள். பாளையங்கோட்டையில் 1903இல் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்தையும் அணுகிப் பாருங்கள். பின்னாளில் பேராயரான அசரியா அதன் முதல் செயலாளராக இருந்தவர் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பதில் 2: டாங் மாவட்டத்திலிருந்து ஓர் ஊழியர்

ஐயா சொன்னவை அனைத்தும் சரி. ஆனாலும் பணித்தளத்தில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் வேறொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் நல்ல கல்லூரியில்தான் படித்தேன். கிரேக்க வினைச்சொல்லின் திரிபுகளைத் தூக்கத்திலும் ஒப்பித்த எனக்கு, குஜராத்தின் மலைக்கிராமத்தில் போய் இறங்கிய முதல் வாரம் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் உப்புக் கேட்கத் தெரியவில்லை. எழுத்து வடிவில் பெரிதும் புழங்காத ஒரு பேச்சை ஒலி ஒலியாகக் கேட்டுக் குறித்துக்கொள்வது எப்படி, ஒரு குலத்தின் திருமண உறவுகளையும் விழாக்களையும் எடைபோடாமல் கவனிப்பது எப்படி என்று எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துக் கற்றார் என்று பெருமையாகப் பேசுகிறோம். அந்தப் பொறுமைக்குப் பாடத்திட்டத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறோம்?

ஆகவே கல்லூரியின் தகவலேட்டை வாங்கியதும் கட்டடப் படங்களைத் தள்ளிவிட்டு, மொழியியலும் மானிடவியலும் கற்பிப்பவர் யார், அவர் வேற்று மொழி மக்கள் நடுவே வாழ்ந்தவரா, களப்பணி எத்தனை மாதம் என்று பாருங்கள். விடுமுறையில் பத்து நாள் துண்டுப்பிரதி கொடுத்துத் திரும்புவதைக் களப்பணி என்று எழுதியிருப்பார்கள். அது களப்பணி அன்று, சுற்றுலா. சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். மதமாற்றம் தொடர்பாக ஒடிசாவில் 1967இலும், மத்தியப் பிரதேசத்தில் 1968இலும், குஜராத்தில் 2003இலும், ஜார்க்கண்டில் 2017இலும் சட்டங்கள் வந்தன. அவற்றை ஒருமுறைகூடப் படிக்காமல் மாணவரை இங்கே அனுப்பும் கல்லூரி, அவரையும் அவரை வீட்டில் ஏற்றுக்கொள்ளும் ஏழை மக்களையும் சேர்த்தே ஆபத்தில் தள்ளுகிறது.

என்னைக் கேட்டால், முதலில் ஓராண்டு ஏதேனும் ஒரு பணித்தளத்தில் தன்னார்வலராக இருந்துவிட்டு, பிறகு விண்ணப்பியுங்கள்.

பதில் 3: ஒரு சகோதரி, நாகர்கோவில்

செலவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கொல்கத்தாவிலிருந்து இயங்கும் செனட்டின் விரிவாக்க மையம் வழியாக, வேலையில் இருந்தபடியே பி.சி.எஸ். (கிறிஸ்தவக் கல்வியில் இளநிலைப் பட்டம்) படிக்கலாம். நான் பள்ளியில் கற்பித்துக்கொண்டே அதை முடித்தேன். விடுதிச் செலவு இல்லை; ஆனால் கூடப் படிப்பவர்களோடு வாதிடும் வாய்ப்பும் இல்லை, அந்தக் குறை பெரியது. உங்கள் நண்பர் அனுப்பிய கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதி, உங்கள் பட்டத்தோடு செராம்பூரில் எம்.டிஎச். சேர முடியுமா என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் அதுவே பதில்.

பதில் 4: ஓய்வுபெற்ற குருவானவர்

டாங் சகோதரர் மீது மரியாதையோடு ஒன்று சொல்வேன்: கிரேக்கத்தைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். மூலமொழியின் இலக்கணம் அறியாதவர் வேதாகம மொழிபெயர்ப்பு மேசைக்கு வரும்போது வேறொரு மொழிபெயர்ப்பைத்தான் மொழிபெயர்ப்பார். மற்றபடி ஓராண்டு களத்தில் இருந்துவிட்டு வரும் யோசனையை நானும் ஏற்கிறேன்.

கேள்வி கேட்டவர்: தென்காசி வாலிபன்

அனைவருக்கும் நன்றி. அந்த இரண்டாண்டுக் கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசினேன். அங்கீகாரம் பற்றிக் கேட்டதும், முன்பணம் கட்டினால் எல்லாம் விளக்குவோம் என்றார்கள். அதை விட்டுவிட்டேன். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐயரோடு உட்கார்ந்து பேராயருக்குக் கடிதம் எழுதவிருக்கிறோம். டாங் அண்ணன் மறுக்காவிட்டால், அறுவடை முடிந்ததும் அங்கே ஓராண்டு தங்க வருகிறேன். இப்போதிருந்தே குஜராத்தி எழுத்துகளைப் படிக்கத் தொடங்கலாமா, அல்லது இந்தியை முதலில் சரிசெய்ய வேண்டுமா?

பதில் 5: டாங் மாவட்டத்திலிருந்து ஓர் ஊழியர்

வாருங்கள் தம்பி. குஜராத்தியைத் தொடங்குங்கள்; பேருந்துப் பலகையும் மருந்துச் சீட்டும் அதில்தான் இருக்கும். ஊர்ப் பேச்சை இங்கே பாட்டியிடம் கற்றுக்கொள்ளலாம், அவர் இன்னும் நலமாக இருக்கிறார்.