ஆப்பிரிக்கத் தத்துவத்தில் தனியாளுக்கு விடுதலை உண்டா?

கடலோரவாசி:
குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் எனக்கு. 'நாம் இருப்பதால் நான் இருக்கிறேன்' என்று கென்யாவின் தத்துவ அறிஞர் ஜான் எம்பிட்டி 1969-இல் எழுதியதைப் படித்ததும் எங்க ஊர்தான் ஞாபகம் வந்தது. கடலுக்குப் போனவர் திரும்பவில்லை என்றால் ஊரே வள்ளம் இறக்கித் தேடும். அதே ஊர்தான், கமிட்டியைக் கேட்காமல் போலீசுக்குப் போனதற்காக எங்க சித்தி குடும்பத்தை ஒதுக்கி வைத்தது. அந்தத் தத்துவத்தில் சித்திக்கு விடுதலை உண்டா, ஊருக்கு மட்டும்தானா?

தக்கலை வாத்தியார்:
இந்தச் சண்டை ஆப்பிரிக்கத் தத்துவ அறிஞர்களுக்குள்ளேயே உண்டு, மக்ளே. பிறந்ததாலேயே யாரும் முழு மனிதராகிவிடுவதில்லை, சமூகம்தான் ஆக்குகிறது என்று 1984-இல் எழுதினார் நைஜீரியாவின் இஃபெயானி மென்கிட்டி. அதோடு நிறுத்தினால் உன் சித்திக்குப் போக்கிடமில்லை. கானாவின் குவாமே கியெக்யே இதை மறுத்தார். அவர் பிடித்துக்கொண்டது அக்கான் மக்களின் பழமொழி ஒன்றை: எல்லாரும் கடவுளின் பிள்ளைகள், மண்ணின் பிள்ளை யாருமில்லை. அப்படியென்றால் மனிதரின் மதிப்பு ஊர் கொடுத்ததல்ல, ஊர் பறிக்கவும் முடியாது. சமூகமில்லாமல் யாரும் வளர்வதில்லை என்பதை அவரும் ஏற்கிறார். ஆனால் ஊர் வழக்கத்தை எடைபோடும் அறிவு ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறார். நான் அவர் பக்கம்.

சமூகத்தின் பெயரால் தனியாளின் விருப்பம் எப்படி மிதிபடும் என்பதற்குத் தான்சானியாவைப் பார். மக்களை யாரும் முன்னேற்ற முடியாது, அவர்களேதான் முன்னேற வேண்டும் என்று 1968-இல் எழுதியவர் அந்நாட்டு அதிபர் ஜூலியஸ் நைரேரே. 1970-களின் நடுவில் அவருடைய அரசே லட்சக்கணக்கானவர்களைக் கட்டாயமாகக் கூட்டுக் கிராமங்களில் கொண்டு குடிவைத்தது.

சாமித்தோப்பு வாசகன்:
சார் சொல்வது சரி, ஆனால் ஊரை அவ்வளவு எளிதில் விட்டுவிட எனக்கு மனமில்லை. மார்பை மறைக்கும் தோள்சீலை உரிமைக்காக நம்ம பாட்டிமார் கூட்டமாக நின்றதால்தான் 1859-இல் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள்! கானாவின் குவாசி விரெதுவையும் படியுங்கள். அங்குள்ள அசாந்தி மக்களின் சபைகளில் தலையெண்ணி முடிவெடுப்பதில்லை, ஒத்துவரும்வரை பேசுவார்கள் என்கிறார். எதிர்ப்பவருக்கும் முடிவில் கை இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். உங்க கமிட்டியில் சித்தியைப் பேச விட்டார்களா?

கடலோரவாசி:
இல்லை அண்ணா. கூட்டத்துக்குப் பெண்களைக் கூப்பிடுவதே இல்லை. சித்தப்பாவைத்தான் கூப்பிட்டார்கள், அதுவும் முடிவெடுத்த பிறகு.