இங்கிலாந்து கேப்டன் பப் நடத்தித் திவாலானது எப்படி?

மழைக்காகம்:
பழைய ரக்பி கதைகளில் டிக்கி லாக்வுட் என்பவரைப் பற்றிப் படித்தேன். 1867இல் வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், வேக்ஃபீல்டு பக்கம் கிரிகிள்ஸ்டனில் பிறந்தவர். ஐந்தடி நாலரை அங்குலம்தான் உயரம். 16 வயதில் டியூஸ்பரி அணி, 19 வயதில் இங்கிலாந்து, மொத்தம் 14 சர்வதேச ஆட்டங்கள். 1894இல் கேப்டனாக நின்று வேல்ஸை 24-3 என்று சுருட்டியிருக்கிறார். மூன்றே வருடத்தில், 1897இல், ஹெக்மண்ட்வைக்கில் பப் நடத்திக் கடனாளியாகி, வீட்டுச் சாமான்களை விற்கும் நிலை. இவ்வளவு பேர் வாங்கியவர் கடையில் கூட்டம் குறைந்திருக்குமா? அப்புறம், அந்தக் கால ஆட்டக்காரர்கள் ஏன் வரிசையாகப் பப் பக்கமே போனார்கள்?

பீப்பாய்க்காரன்:
அவர் கணக்குப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் யார்க்‌ஷயரில் ஒரு பப்பில் ஏழு வருடம் வேலை பார்த்தவன், அதனால் தொழிலைப் பற்றிச் சொல்கிறேன்.

பப் நடத்துகிறவரை 'லேண்ட்லார்ட்' என்பார்கள், முதலில் அந்தப் பெயரை நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலும் கட்டடம் பியர் ஆலைக்குச் சொந்தம். பப் நடத்துகிறவர் வாடகைக்காரர். அந்த ஆலையின் பியரைத்தான், அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்கி விற்க வேண்டும். உள்ளே நுழையும்போதே மேஜை, கண்ணாடி, சரக்கு எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட்டுப் பணம் கட்ட வேண்டும். ஆலைக்காரன் பிரபலமான ஆட்டக்காரரைத் தேடுவது சும்மா இல்லை, அந்த முகத்தைப் பார்க்கவே நாலு பேர் வருவார்கள்.

வருவார்கள், சரி. காசு கொடுப்பார்களா? எங்கள் பப்பில் பழைய ரக்பிக்காரர் ஒருவர்தான் முதலாளி. சனிக்கிழமை ராத்திரி நிற்க இடம் இருக்காது. முக்கால்வாசிப் பேர் கூட ஆடியவர்கள். "எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போவார்கள், இவருக்கு வாய் திறந்து கேட்க வராது. கல்லாவுக்குப் பக்கத்தில் நீல அட்டை நோட்டு ஒன்று இருந்தது, கடைசியில் அட்டையே கிழிந்துவிட்டது. திங்கட்கிழமை மழை பெய்தால் மூன்றே பேர். திறந்த பீப்பாய் மூன்று நாள்தான் தாங்கும், அப்புறம் புளிப்பு ஏறிவிடும். நிலவறையில் நின்று வாளி வாளியாகச் சாக்கடையில் கொட்டியிருக்கிறேன். ஆலைக்கு அந்தப் பீப்பாய்க்கும் பணம் போயாக வேண்டும்.

வடக்குத்தெரு:
ஏன் பப் என்ற கேள்விக்கு என் பங்கு. இங்கிலாந்தில் ரக்பியை நடத்திய அமைப்பான ரக்பி யூனியன் 1886இலேயே ஆடுவதற்குப் பணம் வாங்கக் கூடாதென்று விதி போட்டுவிட்டது. வக்கீலுக்கும் டாக்டருக்கும் அது கஷ்டமில்லை. மில்லிலும் சுரங்கத்திலும் வேலை செய்கிறவன் சனிக்கிழமை லீவு எடுத்தால் கூலி போச்சு. அதனால் நல்ல ஆட்டக்காரனைக் கிளப் வேறு வழியில் கவனிக்கும்: ஒரு வேலை, அல்லது பப். கையில் சம்பளம் என்று எதுவும் கொடுத்ததாகக் கணக்கில் வராது பாருங்கள். லாக்வுட் 1889இல் டியூஸ்பரியை விட்டு ஹெக்மண்ட்வைக் போனபோது பணம் வாங்கினாரா என்று யார்க்‌ஷயர் ரக்பி யூனியன் மூன்று நாள் விசாரித்தது. குற்றம் நிரூபணமாகவில்லை.

ஹாலிஃபாக்ஸ் ஆட்டக்காரர் ஜாக் க்ளௌஸ் கதை இன்னும் மோசம். 1888 ஆஸ்திரேலியப் பயணத்துக்குத் துணிமணி வாங்க 15 பவுண்டு வாங்கினார் என்று தொழில்முறை ஆட்டக்காரர் முத்திரை குத்தினார்கள். கப்பலில் போனார், ஆட விடவில்லை.

இழந்த கூலிக்கு ஈடு தரலாமா என்று 1893இல் லண்டனில் ஓட்டெடுத்தார்கள். எதிர்த்து 282, ஆதரித்து 136, தோல்வி. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு ஜார்ஜ் ஹோட்டலில் கூடி வடக்குக் கிளப்புகள் பிரிந்து தனி அமைப்பு ஆரம்பித்தன. நாளுக்கு 6 ஷில்லிங் வரை ஈடு. லாக்வுட்டும் அந்தப் பக்கம், வேக்ஃபீல்டு டிரினிட்டி கிளப்புக்குப் போனார்.

மழைக்காகம்:
அப்போ புது அமைப்பு பப் வேலையை ஒத்துக்கொண்டதா?

வடக்குத்தெரு:
அதுதான் வேடிக்கை. 1898இல் பணம் வாங்கி ஆட அனுமதித்தார்கள், ஆனால் உண்மையான வேலை ஒன்று இருக்க வேண்டும். பப்பில் பரிமாறுவது, பில்லியர்ட்ஸ் மேஜையில் புள்ளி எழுதுவது இதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது என்றார்கள். பழைய தந்திரம் தெரிந்தவர்கள்தானே! 1905இல்தான் அந்த விதி போனது.

பீப்பாய்க்காரன்:
லாக்வுட் திவாலான பிறகும் ஆடினார். டியூஸ்பரிக்கும் திரும்பி வந்தார். 1915இல் புற்றுநோயில் இறந்தார், ஐம்பதைத் தொடவில்லை. எங்கள் முதலாளியும் பப்பை விட்டுவிட்டார். இப்போது லாரி ஓட்டுகிறார். நீல நோட்டு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.