வாய்க்கால் கரையில் மதில் இல்லாத வீடு: வாங்கலாமா?

கடப்படி எழுதியது:

அம்பாறை மாவட்டம், காரைதீவில் இருக்கிறேன். மனைவியின் சீதன வீடு. மாமி பின்வளவில், மச்சாள் பக்கத்து வளவில். எங்களுக்கு இரண்டு மகள்மார். இந்த வீடு மூத்தவளுக்கு, அது எழுதாத சட்டம். சின்னவளுக்கு இன்னொன்று தேட வேண்டும். ஊருக்குள் ஒரு பேர்ச் (ஏறக்குறைய 272 சதுர அடி) என்ன விலை என்று கேட்டால் காது அடைக்கிறது.

போன கிழமை சம்மாந்துறைப் பக்கம் வயலை ஒட்டி, வாய்க்கால் கரையில் வருகிற புதிய வீட்டுத் திட்டம் ஒன்றைப் பார்த்தோம். 36 வீடு, ஒவ்வொன்றும் 10 பேர்ச். எல்லா வீடும் வாய்க்காலைப் பார்த்தபடி நிற்கும். ரோடு முதுகுப் பக்கம். வாகனங்களை வாசலில் ஒரே இடத்தில் விட்டுவிட்டு நடந்துதான் உள்ளே போகலாம். வீட்டுக்கு முன்னால் திண்ணை, திண்ணைக்கு முன்னால் பொது நடைபாதை. ஆறு வீட்டுக்கு ஒரு முற்றம், முற்றத்துக்கு ஒரு மரம். பொது மண்டபமும் உண்டு. மதில் கட்டக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருக்கிறார்கள், இடுப்பளவு செடிவேலி மட்டும்தான். "அயலோடு பழகி வாழத்தான் இப்படி வரைந்தது" என்று காட்ட வந்த பெடியன் மூன்று தரம் சொன்னான்.

ஜூன் மாதம் என்பதால் தண்ணீர் கரைமுட்ட ஓடியது. சின்னவள் காலை விட்டுக்கொண்டு எழும்ப மாட்டேன் என்றாள். மனைவி அங்கே ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து சோறு போடும்போதுதான் கேட்டாள்: "உடுப்புக் காயப்போடுற இடம் எங்க?" படத்தை விரித்துப் பார்த்தேன். உண்மையாகவே இல்லை.

இப்படித் திட்டமிட்டுக் கட்டின இடத்தில் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். கட்டித் தந்தால் அயல் வருமா?

வட்டைவிதானை மகன்:

முதலில் தண்ணீரைப் பார் மனே, அயலைப் பிறகு பார்ப்போம். ஜூனில் எந்த வாய்க்காலும் அழகுதான், சிறுபோகத்துக்குக் குளத்தில் இருந்து திறந்து விடுகிற நேரம். அறுவடை முடிந்து அடைத்த பிறகு ஒருக்கால் போய் நின்று பார். சேறு, ஆற்றுவாழை, பம்பஸ். நுளம்பும் அப்போதுதான். மறுகா நவம்பர், டிசம்பரில் போ. 2011 ஜனவரி வெள்ளத்தில் அந்த இடம் எவ்வளவு உயரம் நின்றது என்று பக்கத்து வயல்காரனிடம் கேள், விற்கிறவனிடம் கேட்காதே. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளி ரோட்டில் மத்ரசாப் பிள்ளைகளை உழவு இயந்திரத்தோடு வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அயல் பற்றி ஒன்று சொல்கிறேன். கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் ஒரு காலம் வாய்க்கால் கதவை உடைத்துத் தண்ணீர் எடுப்பார்கள், மண்வெட்டியோடு சண்டைக்கு நிற்பார்கள். 1981இல் கமநல ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து படித்த பெடியன், பெட்டைகளை வாய்க்கால் வாய்க்காலாக அனுப்பின. அவர்கள் புதிதாக ஒன்றும் கட்டவில்லை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற பத்துப் பதினைந்து கமக்காரரை இருத்தி வைத்துக் கதைக்க விட்டார்கள், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் தாங்களே இறங்கி வாய்க்கால் வெட்டினார்கள், முறை வைத்துப் பாய்ச்சினார்கள். தலைப்பில் இருந்தவன் தன் கதவைச் சாத்திவிட்டுக் கடைமடைக்கு விட்டான். மேலே சிங்கள ஆட்கள், கீழே தமிழரும் முஸ்லிம்களும் என்று இருந்த இடத்தில் இது நடந்தது.

உங்கள் 36 வீட்டுக்காரருக்கும் அந்த வாய்க்காலில் என்ன வேலை? பார்க்க மட்டும்தான் என்றால் யார் புல் வெட்டுவது?

நாவலடியாள்:

தம்பி, நான் கட்டித் தந்த அயலில் இருக்கிறவள், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

சுனாமிக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் கடலில் இருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று வைத்தார்கள் அல்லவா, அப்படி நாவலடிக் கடற்கரையில் இருந்த எங்கள் சனத்தை உள்ளே கொண்டுவந்து ஒரு வீட்டுத் திட்டத்தில் விட்டார்கள். கட்டித் தந்தவர்கள் நல்ல மனிதர்கள். முன்பள்ளி, மண்டபம், சீமெந்து ஆசனம் எல்லாம் தந்தார்கள். வீட்டை மட்டும் குலுக்கல் போட்டுத் தந்தார்கள். எனக்கு முதல் வரிசை, என் தங்கச்சிக்குக் கடைசி வரிசை. நாவலடியில் நான் கறி இறக்கினால் வேலியால் ஒரு கோப்பை அவளுக்குப் போகும், அவள் மீன் வெட்டினால் தலை எனக்கு வரும். இங்கே கோப்பையை மூடிக்கொண்டு ஐந்து ஒழுங்கை தாண்டி நடக்க வேண்டும். மூன்று மாதம் நடந்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் அயல் என்பது பெண்வழியில் வருவது. தாயின் வளவைப் பிரித்து அக்காவுக்கும் தங்கச்சிக்கும் கொடுத்து, நடுவேலியில் ஆள் போய்வர ஒரு கடப்பு வைத்தால் அதுதான் அயல். படம் வரைந்தவருக்கு அது தெரியாது, நாங்களும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வது.

சீமெந்து ஆசனத்தில் ஒரு நாளும் ஒருவரும் இருக்கவில்லை, மேற்கு வெயில் நேரே முகத்தில் அடிக்கும். ஆட்கள் இருந்தது குழாயடியில். ஒரு வரிசைக்கு ஒரு குழாய், காலையில் இரண்டு மணித்தியாலம்தான் தண்ணீர் வரும். பத்துக் குடம் வரிசையில் நின்றால் பத்து வீட்டுக் கதையும் அங்கே. வீட்டுக்கு வீடு குழாய் வந்ததும் அதுவும் போயிற்று. (திரும்பக் குடம் தூக்க ஆசையா என்று கேட்காதே. இல்லை.)

ஏழாம் வருடம் தங்கச்சி என் பக்கத்து வீட்டுக்காரரோடு கதைத்து வீட்டை மாற்றிக்கொண்டு வந்தாள். அதுக்குப் பிறகுதான் எனக்கு அது ஊர். உறுதி மாற்ற அலைந்த கதை தனிக்கதை.

உன் மனைவி கேட்டது சின்னக் கேள்வி இல்லை. முன்பக்கம் முழுக்க வாய்க்கால் பார்த்த திண்ணை என்றால், பெண்கள் தலை விரித்து, மீன் வெட்டி, உடுப்புப் போடுகிற பின்பக்கம் எது? எங்கள் திட்டத்தில் வீட்டுக்குள் குசினி தந்தார்கள். இரண்டு வருடத்துக்குள் எல்லோரும் பின்னால் கிடுகால் ஒரு அடுப்படி இறக்கிவிட்டோம்.

சாய்ந்தமருது வரைபடக்காரன்:

அக்கா சொன்னதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு அம்பாந்தோட்டைப் பக்கம் கிரிந்தையில் முஸ்லிம் மீனவர்களுக்கு ஜப்பான் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் வீடு கட்டினார். அமுக்கிய மண்கல், ரப்பர் மரம். முதலில் அந்தச் சனத்திடம் கேட்டார். அதனால் வீட்டுக்கும் குசினிப் பக்கத்துக்கும் நடுவில் கூரை போட்ட திறந்த இடம் ஒன்று வந்தது. விருந்தாளி வந்தால் பெண்கள் ஒதுங்க மடக்குத் தட்டியும் வைத்தார். எங்கள் உம்மாமாருக்குத் தேவை அதுதான்.

அண்ணன், காசு கட்ட முன் இரண்டு விஷயம். பொது நடைபாதை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வாய்க்கால் ஒதுக்கு நிலத்துக்குள் வருகிறதா என்று நில அளவைப் படத்தில் பாருங்கள். வந்தால் அது அவர்கள் விற்கக்கூடிய இடம் இல்லை. அடுத்தது கக்கூஸ் குழி. கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி வேண்டும் என்று பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்வார். 10 பேர்ச் என்றால் ஏறக்குறைய 52 அடிக்கு 52 அடி. உங்கள் குழி உங்கள் கிணற்றுக்குத் தூரமாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு?

களுதாவளை வெற்றிலை:

36 வீட்டுக்கும் ஒரே பார்க்கிங் என்றால் தினம் சண்டை. சண்டை பிடித்தால் தானே பழகிவிடும். வாங்குங்கோ.

கடப்படி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. செப்டெம்பர் கடைசியில் விதானையார் மகன் சொன்னபடி போய்ப் பார்த்தேன். வாய்க்கால் வற்றிப் போய்க் கிடந்தது, நடுவில் ஒற்றைச் செருப்பு, அதன்மேல் ஒரு தவளை. நடைபாதையில் பாதி ஒதுக்குக்குள் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். "அனுமதி எடுக்கிறோம்" என்றார்கள். எடுத்த கடிதத்தைக் காட்டும்வரை முற்பணம் இல்லை என்று சொல்லிவிட்டேன். சாய்ந்தமருதுக் காக்கா, குழி விஷயத்தில் அவர்களிடம் பதிலே இல்லை, குழாய்த் தண்ணீர் வரும் என்றார்கள்.

நாவலடி அக்காவின் பதிலை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். எழும்பிப் போய் வேலியடியில் நின்று மச்சாளைக் கூப்பிட்டாள். மச்சாளுக்கும் இரண்டாவது மகள் இருக்கிறாள். இப்போது இருவரும் 17ஆம், 18ஆம் இலக்கத்தைப் பக்கத்தில் பக்கத்தில் தருவார்களா என்று என்னைக் கேட்கச் சொல்கிறார்கள். நடுவில் கடப்பு வைக்க ஒப்பந்தம் விடாது என்றேன்.

"இடுப்பளவு செடிதானே," என்றாள். "நாலு நாள் நடந்தா வழி விழும்."

உடுப்புக் கொடி கட்டுகிற இடம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை.